சித்தி விட்டுச்சென்ற ஒன்பது

மேடையில் இருக்கும் இயக்குநர் அவர்களே, மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத சித்தப்பா அவர்களே, சித்தியோடு வேலை பார்த்த பெரியோர்களே, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் படகோட்டி மாமா அவர்களே, வணக்கம். நான் அவருடைய அக்கா மகள்.

இந்த வரைபட அலுவலகத்தில் என் சித்திக்கு 'அலகு அக்கா' என்று பெயர். எண்ணைப் பார்த்தால் "அலகு என்ன?" என்பார். அலகு என்றால் பறவையின் மூக்கும்தானே. அவர் மூக்கை நுழைக்காத கோப்பு இங்கே உண்டா? அவருடைய பிறந்தநாள் அட்டையில் '46' என்று மட்டும் எழுதி நீட்டினேன். "நாற்பத்தாறு என்ன?" என்றார். 'கிலோ' என்று சேர்த்தேன். அந்த அட்டையை அவர் கடைசிவரை பீரோவில் வைத்திருந்தார்.

ஒரு நாள் படகோட்டி மாமா சித்திக்குப் போன் செய்தார். "உங்க மேப்புல இங்க ஆழம் மூணு மீட்டர்னு இருக்கும்மா. படகு தரை தட்டிருச்சு. இடுப்பளவு தண்ணியில நின்னுதான் பேசுறேன்."

"கொஞ்சம் நில்லுங்க, பாக்குறேன்."

"நின்னுட்டுதானே இருக்கேன்."

தரவில் தவறில்லை. மூன்று என்பது மூன்றடி. அளந்தவர்களுக்குத் தெரியும், கணினியில் ஏற்றியவர்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை யார் எழுதுவார்கள்? அலகுக் கட்டத்தை வெறுமையாக விட்டார்கள். வெறுமையாக விட்டால் சர்வர் தானாக 'மீட்டர்' என்று போட்டு அனுப்பும். யாருக்குத் தெரிந்தது அது?

சித்தி 'அடி' என்று நிரப்பினார். வெளியே போனது அப்போதும் மீட்டர்தான். சேமித்துவைத்த பழைய பதிலையே சர்வர் தந்துகொண்டிருந்தது. அதை அழித்தார். வெளியாள் போலச் சர்வரிடம் கேட்டுப் பார்த்தார். அடி என்று வந்தது. அது ஒரு வரைபட அடுக்கு, ஓர் இடத்தின் ஆழக் கணக்கு. மொத்தம் நூற்று நாற்பது. நிரப்புவது, அழிப்பது, கேட்டுப் பார்ப்பது. மறுபடியும் நிரப்புவது. யாராவது கைகொடுத்தோமா? நானும்தான் கேலி செய்துகொண்டிருந்தேன்.

மருத்துவமனையில் கண்ணை மூடியபடி, "இன்னும் ஒன்பது இருக்குடி" என்றார்.

"ஒன்பது என்ன சித்தி?"

சிரித்தார். "அடுக்குடி, வாலு." அதன் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை.

இந்த இழப்பை அளக்க அலகே இல்லை என்றார் இயக்குநர். இருக்கிறது ஐயா. ஒன்பது அடுக்கு. அவை இந்த நிமிடமும் மூன்றடித் தண்ணீரை மூன்று மீட்டர் என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன. படகோட்டி மாமா நாளைக் காலை ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார்.

நிகழ்ச்சி நிரலில் 'மௌன அஞ்சலி: 2' என்று அச்சாகியிருக்கிறது. பக்கத்தில் 'நிமிடம்' என்று பேனாவால் எழுதிவிட்டேன். எழுந்து நிற்போம்.

முடிந்ததும் சர்வர் அறைச் சாவி வைத்திருப்பவர் முன்னால் நடக்கட்டும். நாம் எல்லோரும் மாடிக்குப் போகிறோம்.