மடுல்சீமைப் பட்டியல்

பதுளையில் வாயில் வைக்கிற மாதிரி ஒரு தேநீர் கிடைப்பதில்லை, சிவஞானம் ஐயா. சுற்றிவர மலை மலையாகத் தேயிலைதான். நல்லதெல்லாம் கப்பலேறிவிட, எங்களுக்கு மிஞ்சுவது தூசி. உங்கள் கையில் இருப்பது மட்டும் வேறு. அது விஜயலெட்சுமி மடுல்சீமைத் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து தந்த தூள். ஆறுவதற்குள் குடியுங்கள்.

அவருடைய தம்பியின் விண்ணப்பத்தைப் பற்றி விசாரிக்கத்தான் கொழும்பிலிருந்து வந்திருக்கிறீர்கள். நான் ஒன்றையும் மறைக்கப் போவதில்லை. மறைத்துப் பழக்கமும் இல்லை.

நான் தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டவன். என் வீட்டு ஆட்கள் எல்லோரும் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு இங்கே ஸுபைரா உம்மா வீட்டு மாடியில் ஓர் அறை, நமது 'மலையரும்பு' நிறுவனத்தில் இந்த மேசை. தோட்டத்துச் சனங்களுக்கு அடையாள அட்டை எடுத்துக்கொடுக்கிற நல்ல வேலை. பத்திரங்கள் சரியென்றால் கணினியில் 'முழுமை' என்று பதிவேன். 'முழுமை' என்று இருப்பவர்களின் விண்ணப்பங்களைத் திங்கள்தோறும் நீங்கள் கொழும்பில் அரசாங்கத்திடம் ஒப்படைப்பீர்கள். மூன்று வாரத்தில் அட்டை வந்துவிடும்.

காலையில் வந்து கணினியில் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையைத் திறந்து, கொழும்பிலிருக்கும் சேர்வர் என்கிற பெரிய கணினியின் பெயரையும் என் பெயரையும் கடவுச்சொல்லையும் அடிப்பேன். தொலைபேசிக் கம்பி வழியாகக் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'இணைந்துவிட்டீர்கள்' என்று ஒரு வரி வரும். சிரிக்காதீர்கள் ஐயா. சில நாட்களில் என்னோடு யாராவது பேசிய ஒரே வரி அதுதான்.

விஜயலெட்சுமி கொழுந்து பறிக்கிறவர். தம்பி புவனேந்திரன் கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான், கையில் அட்டை இல்லை. சண்டைக் காலத்தில் அட்டை இல்லாத தமிழ்ப் பொடியன் கொழும்புத் தெருவில் நடப்பது எப்படியென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். அதனால் அக்கா ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு, பசறையில் பஸ் மாறி, ஒவ்வொரு பத்திரமாகக் கொண்டுவந்தார். ஐந்து மாதம் வந்தார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். சட்டையில் அறுந்துபோன பொத்தானை ஒருமுறை தைத்தும் தந்தார்.

கடைசிப் பத்திரமும் வந்தது. 'முழுமை' என்று போட்டேன்.

"அப்ப இனிமே நான் வர வேண்டியதில்லைங்களா சார்?" என்று கேட்டார். முகமெல்லாம் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை, ஐயா. உள்ளதைச் சொல்கிறேன்.

பொத்தான்கள் இருக்கிற வழக்கமான திரையில் 'முழுமை'யைத் திரும்ப மாற்ற முடியாது. கறுப்புத் திரையில் நேரே சேர்வரோடு இணைந்தால் முடியும். அவனுடைய எண்ணை அடித்து 'குறை' என்று மாற்றினேன். ஒரே ஒரு சொல். மாதக் கடைசியில் நமது கணினி தானாகப் பத்திரங்களைச் சரிபார்த்து அதை 'முழுமை' ஆக்கிவிடும். நான் மறுபடி மாற்றுவேன்.

"ஒரு கடிதம் குறையா இருக்குது பிள்ளை. அடுத்த மாதம் ஒருக்கா வந்து பாருங்கோ" என்பேன். அவரும் வருவார்.

அப்படி அலையத் தொடங்கி நான்காம் மாதம் வாசலில் நின்றே கேட்டார்: "பக்கத்து லயத்து வீட்டு ஆளுங்களுக்கெல்லாம் வந்திருச்சு. எங்க தம்பிக்கு மட்டும் ஏன் சார் வரல?"

நான் அப்போதுதான் கட்டளையை அடித்துக்கொண்டிருந்தேன். குரல் கேட்டதும் கை தடுமாறி, எண்ணை அடிக்க முன்னமே விசையைத் தட்டிவிட்டேன். எண் இல்லாவிட்டால் பட்டியல் முழுவதும் மாறும். இந்தத் தொழிலில் கற்றுக்குட்டி விடுகிற பிழை அது. திரையில் வந்தது: முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் மாற்றப்பட்டனர். மடுல்சீமைப் பட்டியலில் காத்திருந்த அத்தனை பேரும்.

இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. 'ரோல்பேக்' என்று அடித்தால் எல்லாம் பழையபடி. 'கமிட்' என்று அடித்தால் நிலைத்துவிடும். நான் அவசரப்படவில்லை. அவருடைய கேள்வி நியாயமானது என்று யோசித்தேன். ஒருவனுக்கு மட்டும் வராவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஒருவருக்கும் வராவிட்டால் இந்த நாட்டில் யார் கேட்கப் போகிறார்கள்?

'கமிட்' என்று அடித்தேன்.

"மடுல்சீமைக்கு முழுக்கத்தான் நிண்டுபோச்சுது பிள்ளை" என்றேன். "இப்ப ஒருத்தருக்கும் வராது."

அன்றைக்குத்தான் அவரிடம் பொய் சொல்லாமல் பேசினேன். மனதுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? அடுத்தடுத்த மாதங்களில் கை தடுமாறவில்லை. எண்ணை வேண்டுமென்றே விட்டேன். மற்ற முந்நூற்றுப் பதினொரு பேரைப் பற்றியும் கேட்கிறீர்கள். அவர்களை எனக்குத் தெரியாது.

ஆவணியில் புவனேந்திரனைச் சோதனைச் சாவடியில் பிடித்துக்கொண்டு போனார்கள். அக்கா இந்தக் கதிரையில் உட்கார்ந்து அழுதார். "அட்ட இருந்தா விட்டிருப்பாங்களாம் சார். அட்டயக் கொண்டாந்து காட்டினா இப்பவும் விட்டுருவோம்ங்கிறாங்க."

எனக்கும் கண் கலங்கியது. நானே தேநீர் ஊற்றிக்கொடுத்தேன். ஒன்றரை மணித்தியாலம் இருந்தார். அதுவரை மாதத்துக்கு ஒருமுறை வந்தவர், அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வரத் தொடங்கினார். பதினோரு மாதமாக ஒரு வெள்ளி தவறவில்லை. நான் அவரைத் தனியே விட்டுவிடவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

நீங்கள் காட்டுகிற தாளில் இருப்பது என் பெயர்தான். எந்த நாள் இணைந்தேன், என்ன அடித்தேன் என்று சேர்வர் எல்லாவற்றையும் எழுதிவைத்திருக்கிறது. நல்ல ஞாபகம் அதற்கு. எல்லாம் சரி, கையெழுத்து வைக்கிறேன்.

புவனேந்திரனின் அட்டையை அவசரமாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள் என்றும், இன்றைக்கே தோட்டத்துக்கு ஆள் அனுப்பி அக்காவிடம் கொடுத்தால் நாளைக்கே தம்பியை வெளியே எடுக்கலாம் என்றும் சொல்கிறீர்கள். ஆளை வீணாக அலைக்கழிக்காதீர்கள் ஐயா, அந்த றோட்டு சரியில்லை. இன்றைக்குத் திங்கள்தானே. அட்டை இந்த மேசையிலேயே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை அவர் வருவார். நானே சொல்கிறேன்.