பஞ்சில் சிக்கிய கீறல்

எனக்குப் பலாப்பழம் பிடிக்கும், ஐயா. புதூர்நாட்டில் பெண் எடுத்தவனுக்கு அது பிடிக்காவிட்டால் காலம் தள்ள முடியாது. ஆனால் குணசீலன் அதைத் தின்பதைப் பார்த்த பிறகு ஒரு சுளைகூட எனக்கு உள்ளே இறங்குவதில்லை. சுளையை முழுதாக வாய்க்குள் தள்ளுவான். கொட்டையைப் புரட்டிப் புரட்டிச் சப்பி, உள்ளங்கையில் துப்பி, அதே கையால் தண்ணீர்ச் செம்பை எடுப்பான். அவன் என் மனைவி ஜெயசுதாவின் தம்பி. வீடு அவனுடையது. கண்ணமங்கலத்தில் என் மரச்சாமான் பாலீஷ் கடையை மூடியபின் நாங்கள்தான் மலையேறி வந்து அவனோடு ஒண்டிக்கொண்டோம். அதை அவன் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை.

நான் சுத்தம் பார்க்கிறவன், அவ்வளவுதான். அவன் துண்டு காயும் கொடியில் என் சட்டையைப் போட மாட்டேன். அவன் எழுந்த பாயைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். ஜெயசுதாவிடம் சொன்னால், "அவன் வூட்டுலயே இருந்துக்கினு அவனயே அருவருக்கிறியா" என்பாள். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.

மலைக்கு வரும் சுற்றுலாக்காரர்களுக்குக் கூடாரம் போட்டுக் கொடுப்பது அவன் தொழில். அம்பு விடக் கற்றுக்கொண்டு அவர்களுக்கும் சொல்லித்தரலாம் என்று ஆசைப்பட்டு, யாரோ பெங்களூர்க்காரர் பயன்படுத்திய பழைய வில் ஒன்றை வாங்கி வந்தான். நடுவில் கைப்பிடிக் கட்டை, மேலும் கீழும் திருகாணியில் பூட்டும் இரண்டு பட்டைகள், நுனி வெளிப்பக்கம் வளைந்த ரகம். அது தெரியாமல் பட்டையைத் தலைகீழாக வளைத்து நாணேற்றப் பார்த்தான்.

"எனக்கு இன்னா தெரியும் மாமா. மர வேல தெரிஞ்சவரு நீங்க. நீங்களே செட் பண்ணிக் குடுங்க" என்றான். சொல்லும்போது அவன் எச்சில் ஒரு துளி என் முழங்கையில் தெறித்தது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து வேலையைத் தொடங்கினேன்.

பழைய வில் என்றால் முதலில் பஞ்சை எடுத்துப் பட்டைகளின் மேல் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறல் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். கைபேசியில் ஒரு வீடியோவில் பார்த்தேன். மேல் பட்டையில், கைப்பிடிக்கு அருகே, பஞ்சு சிக்கியது. அப்படிப்பட்ட பட்டையை அன்றே தூக்கி எறிய வேண்டும், இழுக்கும்போது முறிந்தால் முகத்தில்தான் அடிக்கும் என்று அதே வீடியோவில் சொன்னார்கள்.

நான் அரக்கை உருக்கிக் கீறலில் இறக்கினேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பஞ்சு வழுக்கிக்கொண்டு போகும்வரை பாலீஷ் போட்டேன். அதன் பிறகு செய்ததெல்லாம் ஒழுங்கான வேலை. நாணை முறுக்கி, கைப்பிடிக்கும் அதற்கும் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக இடைவெளி வைத்தேன். அம்பின் வால் உட்காரும் இடத்தில் நூல் சுற்றினேன். நாணேற்றும்போது பட்டை லேசாக முனகியது, ஆனால் தாங்கியது. முழுதாக இழுத்தால் தாங்காது. வில்லோடு ஒரு பாதுகாப்புக் கண்ணாடியும் வந்திருந்தது. அவன் வியர்வை பிசுபிசுக்கும் கண்ணாடி கண் முன்னால் கிடக்க வேண்டாம் என்று அதைப் பரணில் போட்டேன். "நாண் மூக்கத் தொடுற வரைக்கும் இழுக்கணும், பாதியில வுட்டுடாத" என்று அவனுக்குச் சொல்லியும் கொடுத்தேன்.

மறுநாள் காலை கொல்லையில் வைக்கோல் திணித்த சாக்கை நிறுத்தினான். புதிதாக எது வந்தாலும் அக்கா மகள் கையால் தொடங்குவது அவன் வழக்கம். ஜீப் வாங்கியபோதும் என் மகள் தேவயானிதான் முதலில் சாவியைத் திருப்பினாள். வில்லுக்கும் அதைச் செய்வான் என்று எனக்குத் தோன்றவில்லை.

"தேவி, இங்க வாம்மா. ஒன் கையால மொத அம்பு போவட்டும்."

"நான் வுட்டா கோழி மேல பூடும் மாமா" என்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

அவன் அப்போதும் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தான். விரல்களை ஒவ்வொன்றாக நக்கிவிட்டு, அந்தக் கையாலேயே கைப்பிடியைப் பிடித்து அவளிடம் நீட்டினான். நான் பக்கத்தில்தான் நின்றேன். பிடுங்கியிருக்கலாம். அதற்காகக் கையை நீட்டவும் செய்தேன். கைப்பிடியில் அவன் எச்சில் மினுமினுத்தது, பலா நார் ஒன்றும் ஒட்டியிருந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

வாயால் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே, ஐயா. அவளுக்கு மெலிந்த கை, பாதிக்கு மேல் இழுக்க மாட்டாள் என்று நினைத்தேன். அவள் மூக்கைத் தொடும்வரை இழுத்தாள். நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டிருக்கிறாள்.

வேலூரில் அவள் வலது கண்ணை எடுத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சின்னராஜ் ஜீப்பை ஓட்ட, மலையிறங்கும் வழியெல்லாம் குணசீலன் அவளை மடியில் கிடத்திக்கொண்டு அழுதான். மூக்குச் சளி அவள் முடியில் சொட்டியது. நான் முன்னால் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டேன்.

"அந்தப் பாழாப்போன வில்லக் கொண்டாந்தது நாந்தான் சார், என்ன உள்ள போடுங்க" என்று அவன் உங்களிடம் கும்பிட்டதை நானும் பார்த்தேன். நீங்கள் முறிந்த இடத்தில் அரக்கைக் கண்டுபிடித்து என்னை அழைத்தீர்கள். அரக்கு வைத்தது நான். முறியும் என்று எனக்குத் தெரியும். அவன் முகத்தில் முறிய வேண்டும் என்றுதான் வைத்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கூடவே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு நான் எந்தத் தீங்கும் செய்யவில்லை, ஐயா. அவள் கண்ணைப் பறித்தது அவன் எச்சில்தான்.