தொப்பி போட்ட வாத்தின் அயலார்

திலகம்: நேர்முகம் பிரமாதம் எண்டா ஏனப்பா சப்பாத்தும் கழட்டாமல் இருக்கிறியள்?

ஞானசுந்தரம்: சிந்தனை, திலகம். ஒரு கோப்பி போடும்.

திலகம்: போட்டாச்சு. பிரிபெக்சர் கந்தோரிலை என்ன கேட்டவை? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ.

ஞானசுந்தரம்: பிரெஞ்சுப் புரட்சி எந்த வருசம் எண்டு அந்த அதிகாரி மனுசி கேட்டா. சொன்னன். நெப்போலியனைக் கேப்பா எண்டு பாத்தன், கேக்கேல்லை. நானாச் சொன்னன்.

திலகம்: கேக்காததுக்கும் மறுமொழியோ? ஊர்ச் சங்கக் கூட்டம் எண்டு நினைச்சிட்டியள்.

ஞானசுந்தரம்: தலைவரா இருந்த வாய்... கொஞ்சம் விரிவா...

திலகம்: எத்தினை நிமிசம்?

ஞானசுந்தரம்: பத்து. அவ ரெண்டு தரம் மணிக்கூட்டைப் பாத்தா.

திலகம்: பிரெஞ்சு எங்கை படிச்சனீங்கள் எண்டு கேட்டவவோ?

ஞானசுந்தரம்: கேட்டா. பேப்பர் வாசிச்சு எண்டன்.

திலகம்: பேப்பரோ! மகளின்ரை பழைய இங்கிலீசுக் கார்ட்டூனைப் பிரெஞ்சிலை பாத்து எண்டு சொல்லேல்லையோ? ஒரு தெரு, பாண் சுடுற பேனாட், அவன்ரை தொப்பி போட்ட வாத்து, புத்தகம் இரவல் குடுக்கிற மார்கிரட்... பிள்ளை யூனிவர்சிட்டிக்கும் போட்டாள், நீங்கள் இன்னும் ஞாயிற்றுக்கிழமையிலை அந்த டிவிடிக்கு முன்னாலை.

ஞானசுந்தரம்: அது உச்சரிப்புக்கு. அதுக்குப் பிரெஞ்சிலை குரல் குடுத்த ஆக்கள் நல்ல திறமான ஆக்கள்...

திலகம்: சரி, சரி. மிச்சத்தைச் சொல்லுங்கோ. இந்தக் குடியுரிமை கிடைக்காட்டி கனடாக்காரன் மூண்டாம் தரமும் விசா இல்லையெண்டுதான் சொல்லுவான். அங்கை உங்கடை தங்கச்சி...

ஞானசுந்தரம்: தெரியும் திலகம். அவளைக் கண்டு இருபத்திரண்டு வருசம். வாற வருசம் அவளின்ரை பிள்ளைக்குக் கலியாணம். தாய்மாமன் நான் வாசலிலை நிக்க வேணும்... தெரியும்.

திலகம்: சரி, பிறகு?

ஞானசுந்தரம்: அயலாக்களோடை பழக்கமோ எண்டு கேட்டா. நல்ல பழக்கம் எண்டன். பேரைச் சொல்லுங்கோ எண்டா.

திலகம்: போச்சு. நீங்கள் வச்ச பேருகளைச் சொல்லியிருக்கலாமே? கீழ்மாடி நாய்க்காரன், மேல்மாடி தும்மல்காரன், எதிர்க்கதவு சிடுமூஞ்சி...

ஞானசுந்தரம்: தும்மல்காரனைப் பிரெஞ்சிலை எப்பிடிச் சொல்லுறதெண்டு யோசிச்சன். யோசிக்கேக்கை வாய்...

திலகம்: வாய்?

ஞானசுந்தரம்: பேனாட் எண்டுட்டுது.

திலகம்: ஆர், கார்ட்டூன் பேனாட்டோ!

ஞானசுந்தரம்: பிறகு நிப்பாட்டேலாமல் போச்சு. மார்கிரட் எண்டன். காலமையிலை எல்லாரும் ஜன்னலைத் திறந்து எனக்குக் கை காட்டுவினம் எண்டன்.

திலகம்: எங்கடை லா சப்பல் தெருவிலை! கீழை கருவாட்டுக் கடை, பின்னாலை மெத்ரோ இரைச்சல். எந்த மகராசன் உங்களுக்கு ஜன்னல் திறந்தது?

ஞானசுந்தரம்: அவ எல்லாத்தையும் எழுதினா. முப்பத்தைஞ்சு வயசிருக்கும். திடீரெண்டு பேனையை வச்சிட்டுக் கேட்டா: "பேனாட்டின்ரை வாத்து இப்பவும் தொப்பி போடுறதோ?"

திலகம்: ஐயையோ. நீங்கள்?

ஞானசுந்தரம்: "ஞாயிற்றுக்கிழமையிலை மட்டும், மதாம்" எண்டன்.

திலகம்: சிரிக்கேல்லை... நான் சிரிக்கேல்லையப்பா... பொறுங்கோ, தண்ணி குடிச்சிட்டு வாறன்.

ஞானசுந்தரம்: சிரியும். அவவும் சிரிச்சவ. சின்னனிலை பள்ளிக்கூடத்தாலை ஓடிவந்து அந்தக் கார்ட்டூனைப் பாக்கிறவவாம். பிறகு முகத்தை மாத்திப்போட்டுச் சொன்னா: "முசியே, உங்கடை ஃபைலை நாளைக்கு மூடுவன். அதுக்கிடையிலை, கார்ட்டூனிலை இல்லாமல் உங்கடை கட்டிடத்திலை குடியிருக்கிற ரெண்டு பேரின்ரை பேரை எழுதி அனுப்புங்கோ."

திலகம்: நாளைக்கோ!

ஞானசுந்தரம்: இப்ப வரேக்கை எதிர்க்கதவுக்கு முன்னாலை கன நேரம் நிண்டனான். மணி அடிக்கக் கை வரேல்லை. பதின்மூண்டு வருசம் பேசாத ஆளிட்டை போய், உம்மடை பேர் என்ன எண்டு எப்பிடிக் கேக்கிறது? போன வருசம் உமக்குக் குடியுரிமை கிடைச்சுதே. உம்மட்டையும் இதைக் கேட்டவையோ?

திலகம்: கேட்டவை.

ஞானசுந்தரம்: நீர் என்ன சொன்னனீர்?

திலகம்: கோப்பி ஆறுது, குடியுங்கோ.

ஞானசுந்தரம்: திலகம்.

திலகம்: உள்ளதைத்தான் சொன்னனான். எதிர்க்கதவு சொலான்ஜ். மேல்மாடி அவவின்ரை தம்பி மிஷேல், அந்தாளுக்கு மகரந்தத்தூள் ஒத்துக்கொள்ளாது, அதுதான் தும்மல். புதன்கிழமையிலை நீங்கள் சங்கத்துக்கு இறங்கின கையோடை நான் சொலான்ஜின்ரை குசினியிலைதான், கோப்பியும் கதையுமா.

ஞானசுந்தரம்: எவ்வளவு காலமா?

திலகம்: ஏழு வருசம்.

ஞானசுந்தரம்: ஏழு... எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை!

திலகம்: சொன்னா நீங்கள் அவவைச் சங்கத்துக்குப் பிரதம விருந்தினராக் கூப்பிடுவியள். பொன்னாடை போர்ப்பியள். அதோடை அவ கதவைச் சாத்திப்போடுவா.

ஞானசுந்தரம்: சரி, விடும். இப்பவே வாரும் போவம். நீர் அறிமுகத்தை மட்டும் செய்யும். மற்றது என்ரை பொறுப்பு. முதலிலை ஒரு சின்ன உரை...

திலகம்: உரை வேண்டாமப்பா. "படியிலை காணேக்கை உங்கடை மனுசன் ஒரு போன்சூர் கூடச் சொல்லாமல் நிமிந்து போறார், ஏன்?" எண்டு அவ என்னட்டைக் கேட்டவ. பாவம், அவருக்குப் பிறவியிலையே வாய் பேசாது எண்டு சொல்லி வச்சிருக்கிறன்.