ஊசி அக்கா தாக்கல் செய்த மனு

மேடையில் வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கும் நம் வார்டின் முன்னாள் உறுப்பினர் சிமென்ட் கடை அண்ணன் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் ஊசி அக்காவின் தங்கையே, நாற்காலி போதாமல் சுவரோரம் நிற்கிற பதினோராவது வார்டுக்காரர்களே, உங்கள் அனைவருக்கும் கனத்த மனத்தோடு வணக்கம் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். கொஞ்சம் கூடப் போகும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை மாண்புமிகு உறுப்பினர் என்றார்கள். மக்கள் பணியில் மறைந்தவர் என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் நமக்கு அவர் யார்? ஊசி அக்கா. இந்தக் கூடத்தில் இருக்கிறவர்களில் அவர் ரத்தம் எடுக்காத கை எத்தனை இருக்கும்? “அந்தப் பக்கம் பாருங்க” என்பார். நாம் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் பஞ்சை வைத்து முழங்கையை மடக்கிவிட்டிருப்பார். நரம்பே கிடைக்காத கிழவர்கள்கூட மற்றவரிடம் கையை நீட்ட மாட்டார்கள். அக்கா டூட்டிக்கு வரும்வரை பெஞ்சில் காத்திருப்பார்கள். பதினாறு வருடம் அதே லேபில் நான் கம்ப்யூட்டரில் ரிப்போர்ட் அடித்தேன். அவர் எடுத்த ரத்தம் சொன்னதை எழுத்தாக்கிக் கொடுப்பதுதான் என் வேலை. அந்த உரிமையில்தான் இங்கே நிற்கிறேன்.

உரிமை என்று சொல்லிவிட்டேன். அந்த உரிமை எனக்கு இருக்கிறதா என்பதை நான் சொல்லி முடித்த பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஏழு வருடத்துக்கு முன்பு ஒரு மழைக்காலம். நம் மூன்றாவது குறுக்குத் தெருவிலிருந்து வரிசையாக ஆட்கள் வந்தார்கள். கண்ணெல்லாம் மஞ்சள். நான் ரிப்போர்ட்டில் பெயரும் வயதும் அடிப்பேன். அதோடு என் வேலை முடிந்தது. அக்கா மட்டும் ஒவ்வொருவரிடமும் எந்தத் தெரு, எந்தப் பக்கத்து வரிசை என்று கேட்டுத் தனியாக ஒரு தாளில் எழுதினார். ஒரு வாரத்தில் ஒரே வரிசையிலிருந்து ஒன்பது பேருக்குக் காமாலை. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அந்தத் தெருவுக்கே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள் மூழ்கிக் கிடந்தது. அந்தக் குழாயில் வெடிப்பு.

நகராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு மனு. நான்குக்கும் முத்திரை குத்தி ரசீது தந்தார்கள். குழாய் அப்படியேதான் கிடந்தது. நான்காவது முறை அங்கிருந்த எழுத்தர் ஒரு வார்த்தை சொன்னாராம், கெட்ட எண்ணத்தில் இல்லை, சலிப்பில்: “போட்டியே இல்லாத வார்டும்மா அது. யாருக்கு என்ன அவசரம்?”

அந்த ஒரு வார்த்தைதான் அக்காவை உலுக்கியது. யோசித்துப் பாருங்கள். மூன்று தேர்தல், பதினைந்து வருடம், நம் வார்டில் ஒருவராவது ஓட்டுப் போட்டிருப்போமா? ஒரே மனு வரும், ஒரே பெயர் இருக்கும், போட்டியின்றித் தேர்வு என்று அறிவிப்பார்கள், நாம் கைதட்டுவோம். வேறு யாராவது மனு வாங்கினால் சாயங்காலம் அவர் வீட்டுக்கு ஆள் போகும். மறுநாள் அந்த மனு கசங்கிக் குப்பையில் கிடக்கும். யாருடைய ஆட்கள் என்று இந்த மேடையில் நான் சொல்லப் போவதில்லை. அண்ணனுக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

அக்கா மனு வாங்கினார். விதி என்ன? அதே வார்டு வாக்காளர்கள் இரண்டு பேர் முன்மொழிய வேண்டும். நேரில் வந்து அலுவலர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். வேட்பாளர் வீட்டு ஆளாக இருக்கக் கூடாது. ஒருவர் நம் சலூன்காரர். இன்னொருவர் நான். நானே கேட்டு வாங்கிக்கொண்ட இடம் அது. லேபில் எல்லோர் முன்னாலும் நெஞ்சை நிமிர்த்தி, “எனக்கு ஒரு பயமும் இல்லக்கா” என்று சொன்னவன் நான்.

கடைசி நாளுக்கு முதல் நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். மனுவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து போகும்போது ஒருவர் கேட்டார்: “உங்க பொண்ணு காலேஜ் பஸ்ஸு தினமும் அந்த மூலையிலதான நிக்குது? அஞ்சரைக்கா, அஞ்சே முக்காலுக்கா?”

அவ்வளவுதான்.

மறுநாள் என் மகளைக் கல்லூரிக்கு அனுப்பவில்லை. போனை அணைத்தேன். வெளிக்கதவைச் சாத்தி, யார் வந்தாலும் நான் ஊரில் இல்லை என்று சொல்லச் சொல்லி மனைவியிடம் கெஞ்சினேன். மனு கொடுக்க மூன்று மணிதான் கடைசி. பதினொரு மணிக்கே சலூன்காரர் கடையைப் பூட்டிவிட்டு அலுவலக வாசலில் போய் நின்றுவிட்டார். நான் வீட்டுக்குள் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மணி அடித்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். ஆமாம், அக்கா தோற்க வேண்டும் என்று வேண்டிய முதல் ஆள் நான்தான்!

ஒன்றே முக்காலுக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து எல்லாம் கேட்டது. அவர் வெளியூர் போயிருக்கார் என்று என் மனைவி சொன்னாள். என் செருப்பு வாசலில் கிடந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்கா அதைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு, உள்ளே இருக்கிறவனுக்கும் கேட்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார்:

“பரவால்லம்மா. நான் கோவிச்சுக்கலன்னு சொல்லிடு. பொண்ணப் பெத்தவரு, பயம் இருக்கத்தான் செய்யும். திங்கக்கிழமை லேபுக்கு மட்டும் வந்துடச் சொல்லு. அவரு இல்லாம ரிப்போர்ட்டு எல்லாம் தேங்கிப் போய்க் கெடக்கு.”

இதைச் சொல்லிவிட்டு அவர் படியிறங்குகிற சத்தம் கேட்டது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதற்கு எனக்கு இடமே வைக்காமல் போய்விட்டார்.

நான் வெளியே வந்தபோது என் மனைவி பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ தேடினாள். என்ன என்று கேட்டேன். அவளுடைய வாக்காளர் அட்டை. “எங்க போற?” என்றேன். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்: “என் பேரும் இந்த வார்டு லிஸ்டுலதான் இருக்கு. கதவச் சாத்திக்கோங்க.”

அதன் பிறகு நடந்ததை என் மனைவியும் சலூன்காரரும் சொல்லித்தான் அறிவேன். அக்காவைத் தெருமுனையில் ஓடிப் பிடித்திருக்கிறாள். ஆட்டோக்காரர்கள் யாரும் வர மறுத்துவிட்டார்கள். வெயிலில் நடந்தே போயிருக்கிறார்கள். அலுவலகத்துக்குள் நுழையும்போது இரண்டு நாற்பது. தேர்தல் அறை மாடியில். மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் ஓர் ஆள். யாரும் கையை ஓங்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. போன் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் சும்மா நின்றார்கள். “மேல ரொம்பக் கூட்டமா இருக்கு. கொஞ்சம் இருங்க, அனுப்புறோம்” என்று மரியாதையாகவே சொன்னார்கள். மேலே ஒரு கூட்டமும் இல்லை. காவலுக்கு நின்றவர் வெளியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாற்பத்தைந்து. இரண்டு நாற்பத்தெட்டு. சலூன்காரர் சத்தம் போட ஆரம்பித்தார். அக்கா அவர் தோளைத் தொட்டு நிறுத்தினார். சண்டை மூண்டால் அதைச் சாக்காக வைத்தே எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

முதல் படியில் நின்றவனை அக்கா அண்ணாந்து பார்த்தார். மூன்றாவது குறுக்குத் தெருக்காரன். அதற்கு முந்தின வாரம்தான் தன் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு லேபுக்கு ஓடி வந்தவன். அவனிடம் கேட்டார்: “குழந்தை இப்ப சாப்புடுறானா? கண்ணு வெளுத்துடுச்சா?”

அவன் கையிலிருந்த போனைச் சட்டைப் பையில் போட்டான்.

“மறுபடி ஒரு தடவ டெஸ்ட் பண்ணணும். நாளைக்குக் கூட்டிட்டு வந்துடு, நான்தான் இருப்பேன். தண்ணியக் காய்ச்சிக் குடு. அந்தக் கொழாயி தண்ணி வேண்டாம்.”

அதில் குத்தல் இல்லை, கெஞ்சல் இல்லை. லேபில் எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசினார். அவன் தலையைக் குனிந்துகொண்டு சுவரோடு ஒட்டி நின்றானாம். ஓர் ஆள் போகிற இடம். முதல் ஆள் ஒதுங்கியதும் அதற்கு மேல் நின்றவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா ஏறினார். பின்னால் என் மனைவி, அவள் பின்னால் சலூன்காரர். ஒவ்வொரு படியாக, யார் மேலும் இடிக்காமல் ஏறினார்கள்.

அறைக்குள் போனபோது இரண்டு ஐம்பத்து மூன்று. அங்கே அடுத்த சிக்கல். மனுவில் முன்மொழிபவர் என்று என் பெயர், என் வாக்காளர் வரிசை எண். அதை அடித்துவிட்டு எழுதினால் செல்லாது. புதுப் படிவம் வேண்டும். தேர்தல் அலுவலர் கழுத்தில் பட்டை போட்ட ஓர் அம்மையார். தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா புதுப் படிவத்தைக் கையில் வாங்கும்போது மணி மூன்று. பின்னால் யாரோ, “டைம் முடிஞ்சுது மேடம்” என்று குரல் கொடுத்தார்கள். அந்த அம்மையார் உதவியாளரைக் கூப்பிட்டு, கதவைச் சாத்தச் சொன்னார். வெளியே அனுப்பத்தான் என்று அக்கா நினைத்துவிட்டார். பிறகுதான் அம்மையார் சொன்னார்: “மூணு மணிக்கு உள்ள இருக்கறவங்க மனுவ வாங்கியே ஆகணும், அதான் ரூல். நீங்க உள்ளதான இருக்கீங்க. நிதானமா எழுதுங்க.”

அவர் யாருக்கும் சலுகை செய்யவில்லை. விதியில் இருந்ததைச் செய்தார். அதைச் செய்யவே எத்தனை துணிச்சல் வேண்டியிருந்தது!

அக்கா எழுதினார். சலூன்காரரும் என் மனைவியும் கையெழுத்துப் போடும்வரை தாள் நகராமல் பிடித்துக்கொண்டார். மூன்று பதினொன்றுக்கு மனு ஏற்கப்பட்டது. பதினைந்து வருடத்தில் முதல் முறையாகப் பதினோராவது வார்டுக்கு இரண்டு வேட்பாளர்கள்.

அந்தத் தேர்தலில் அக்கா தோற்றார், இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில். ஆனால் நடந்தது என்ன? மனு தாக்கலான ஒன்பதாம் நாள் மூன்றாவது குறுக்குத் தெருவில் பள்ளம் தோண்டினார்கள். சாக்கடையை விட்டு விலக்கிப் புதுக் குழாய் போட்டார்கள். நான்கு மனுவுக்கு அசையாதது, ஐந்தாவது மனுவுக்கு அசைந்தது. அது வேட்புமனு! குழாயைப் போட்டவர் சிமென்ட் கடை அண்ணன்தான். அந்த நன்றியை மறைக்கக் கூடாது. அண்ணன் நல்லது செய்யத் தெரியாதவர் இல்லை. எதிரே ஒருவர் நிற்க வேண்டியிருந்தது, அவ்வளவே.

நான் திங்கட்கிழமை லேபுக்குப் போனேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. தேங்கிக் கிடந்த ரிப்போர்ட்டுகளை நகர்த்தி வைத்தார், உட்கார்ந்து அடித்தேன். ஏழு வருடம் அதைப் பற்றி அவர் ஒரு சொல் சொன்னதில்லை. என் மனைவியும் சொல்லவில்லை. அதனால்தான் இன்று நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்பு மறுபடி நின்றார். முப்பத்தாறு ஓட்டில் வென்றார். உறுப்பினரான பிறகும் காலை ஏழிலிருந்து பத்து வரை லேபில் ரத்தம் எடுத்தார். தினமும் ஒரு தெருக் குழாயில் தண்ணீர் பிடித்துச் சோதித்து, முடிவை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டினார். கெட்டிருந்தால் கெட்டிருக்கிறது என்றே ஒட்டினார், தன் பெயர் கெடும் என்று மறைக்கவில்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்தத் தாளை ஒட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. நெஞ்சுவலி என்று யாரையும் கூப்பிடக்கூட இல்லை. ஐம்பத்து மூன்று வயது. போகிற வயதா அது?

இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது. இடைத்தேர்தலுக்கு வரும் திங்கட்கிழமை மனு வாங்குகிறார்கள். இந்த மேடையிலேயே ஒரு யோசனை சொன்னார்கள், கேட்டீர்கள். மறைந்தவருக்கு மரியாதையாக இந்த ஒரு முறை போட்டி வேண்டாம், எல்லோரும் பேசி ஒருவரை ஒருமனதாக அனுப்புவோம் என்றார்கள். அது யார் என்பதும் பேசி வைத்திருப்பதாகக் கேள்வி.

பெரியவர்களே, உங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன். அந்த மரியாதையை மட்டும் அவருக்குச் செய்யாதீர்கள். எதை உடைக்க அந்த மாடிப்படி ஏறினாரோ, அதையே அவர் படத்துக்கு முன்னால் நின்று மறுபடி கட்டுவதா? அவர் பெயரைச் சொல்லியா?

தண்ணீர்ச் சோதனைத் தாள் நாளையிலிருந்து மறுபடி அந்தச் சுவரில் இருக்கும். சலூன்காரரும் நானும் ஒட்டுவோம். லேப் முதலாளி சம்மதித்துவிட்டார். வேட்பாளர் யார் என்று இன்னும் முடிவாகவில்லை. ஒருவராக இருக்கலாம், நான்கு பேராகக்கூட இருக்கலாம். எனக்குப் பிடிக்காதவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும், முன்மொழிய ஆள் கிடைக்கவில்லை என்றால் என் கையெழுத்து இருக்கிறது. இதை அக்காவின் தங்கை முன்னால், என் மனைவி முன்னால், உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலக வாசலில் நிற்பேன். வர நினைக்கிறவர்கள் வாருங்கள். பயம் போன பிறகு வரலாம் என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள், அது போகாது. பயமாக இருந்தால் பயத்தோடேயே வாருங்கள். நானும் அப்படித்தான் வரப்போகிறேன்.