காலண்டரில் இரண்டு மை

இந்தா, கோயில் காலண்டரையே ஆணியிலருந்து கழட்டிக் கொண்டாந்துட்டேன், நீங்களே பாருங்க தம்பி. டிக் இல்லாத நாள் ஒண்ணு காட்டுங்க. எச்.ஐ.வி. மாத்திரைய ஒழுங்காப் போட்டாரா, போட்டாரான்னு ஆள் மாத்தி ஆள் கேக்குதீக. டாக்டர் கேட்டாரு, மாத்திரைக்குப் புத்தி சொல்லுத கவுன்சிலரம்மா கேட்டாக, இப்ப சென்னையிலருந்து நீங்க. நான் கான்வென்ட்ல படிச்சவ. மணியடிச்சா எந்திரிச்சு, மணியடிச்சா சாப்பிட்ட உடம்பு இது. சாயங்காலம் செபமால முடிஞ்சதும் மாத்திர, கையோட டிக்.

கிளைட்டனா? அங்கன பெஞ்சுல உக்காந்திருக்காகள்ல, எங்க வீட்டுக்காரவுக, அவுகதான். ஹார்பர் இழுவைப் படகுல மெஷின் பாத்த ஆளு, இப்ப நாலு படி ஏறுனா மூச்சு வாங்குது. பன்னெண்டு கிலோ எறங்கிட்டாக. அந்த மாத்திரைக்குக் கிருமி பழகிருச்சாம். பழகுன கிருமிக்குத்தான் நீங்க புது மருந்து தேடுதீகளாமே. எப்பம் வரும்? பேனாவக் கடிச்சா எப்படி, வருசக்கணக்காகும்னா வாயத் தொறந்து சொல்லுங்க. அதுவரைக்கும் டாக்டர் மாத்திக் குடுக்கப்போற மாத்திரதான் கதி. அதையும் கெடுத்துட்டா அப்புறம் அவரு கையில ஒண்ணுமில்லையாம்.

என்னது, ரெண்டு மையா? நீலம் தீந்திருக்கும், சிவப்ப எடுத்திருப்பேன். நீங்க கிருமிய ஆராய வந்தீகளா, மையவா?

இப்ப என்ன எழுதுதீக? ஒரு நாள் விடாமப் போட்டும் மருந்து கேக்கலன்னா?

அந்த வரிய அடிங்க. அடிங்க தம்பி.

மகளுக்குப் புன்னைக்காயல்ல சம்பந்தம் பேசியிருந்த நேரம். இந்த ஆஸ்பத்திரி மாத்திர வரிசையில ஆம்பள தனியா நின்னா டிபின்னு சொல்லித் தப்பிச்சுக்கிடலாம். பொண்டாட்டியும் சேந்து நின்னா? நான் எங்க முத்தையாபுரத்துல பஸ்ஸ விட்டு எறங்குமுன்ன சேதி சம்பந்தி வீட்டுக்குப் போயிருக்கும். கல்யாணம் முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சுது. பேரனும் பொறந்துட்டான். அப்புறமும் இங்க வரக் கால் வரல.

வியாதியக் குடுத்தவுக மாத்திரையிலயும் பங்கு குடுக்கட்டும்னு நான்தான் சொன்னேன். சரின்னு தலைய ஆட்டிட்டாக.

நீலம் அவுக. சிவப்பு நான். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூணு வருசமா. டிக் ஒண்ணுகூட பொய் இல்ல.

அவுக ரத்தம் எடுத்தாச்சுல்லா? எனக்கு இந்தக் கையில எடுங்க, நரம்பு நல்லாத் தெரியும். பேரா... ஞானசௌந்தரின்னே எழுதுங்க.