பத்தாவது அளவீடு

காலை ஐந்தரைக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும். நான்கு குடம் பிடித்துவைத்துப் பால் காய்ச்சுவேன். இப்போதும் நான்கு குடம்தான் பிடிக்கிறேன், சார். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

அன்றும் பால் குடித்தோம். பிறகு ஜன்னலைச் சாத்தினேன், மின்விசிறியை நிறுத்தினேன். காற்றில் காகிதம் அசையக் கூடாது.

சுரமானி என்பது நீளமான மரப்பெட்டி. மேலே ஒற்றைக் கம்பி, அதன் நுனியில் எடைக்கல். இசைக்கவையைத் தட்டிப் பெட்டியில் ஊன்றி, கம்பிக்கு அடியிலுள்ள கட்டையை நகர்த்துவேன். ஒரு நீளத்தில் கம்பியும் சேர்ந்து அதிரும். மேலே வைத்த காகிதத் துண்டு துள்ளி விழும். அந்த நீளத்தை அளவுகோலில் படித்துச் சொல்வது என் மனைவி சொர்ணவல்லியின் வேலை.

வளைகாப்பு முடிந்த அன்றே ஆவுடையார்கோவிலுக்கு, தாய்வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். என் ஆய்வேட்டுக்குப் பத்து அளவீடு பாக்கி என்று ஒரு வாரம் நிறுத்திவைத்தேன்.

"புள்ள பொறந்து பள்ளிக்கூடமே போயிரும், ஒங்க கம்பி முடியாது" என்று சிரித்தாள்.

அளவீட்டுக்கு முந்தைய நாள் வீட்டுக்கு வந்த நர்ஸ் சொன்னார்: "கால் இப்பிடி வீங்கியிருக்கு தம்பி. தலை வலிச்சாலோ கண்ணு மங்குனாலோ ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்துருங்க."

சரி என்றேன்.

ஆறாவது அளவீட்டில் தலை வலிக்கிறது என்றாள். ஏழாவதில், "கோடெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்க. அம்மாவுக்கு ஒரு போன் போடட்டா?"

போன் அதிர்ந்தால் பெட்டியும் அதிரும் என்று முன்பே அதை அணைத்துச் சமையலறையில் வைத்திருந்தேன். எடை தொங்கத் தொங்கக் கம்பி மெல்ல நீளும். பாதியில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்னும் மூன்றுதான் என்றேன். நர்ஸ் சொன்னது மறந்துபோயிற்று என்று முதல் விசாரணையில் உங்களிடம் சொன்னது பொய். ஞாபகம் இருந்தது.

பத்தாவதில் எண்பத்து நாலு என்றாள். அந்த எடைக்கு ஐம்பது சென்டிமீட்டரைத் தாண்டவே தாண்டாது. வரவேண்டிய விடை சமன்பாட்டிலேயே இருக்கிறது. நாற்பத்தெட்டு புள்ளி இரண்டு என்று நானே எழுதினேன். அதற்கு முந்தைய மூன்றையும் அப்படித்தான் எழுதியிருந்தேன். அவள் கண் எனக்குத் தேவைப்படவில்லை. ஆனாலும் உட்காரவைத்திருந்தேன்.

பிறகு வலிப்பு. ஆம்புலன்ஸ். மத்தியானத்துக்குள் அவளும் இல்லை, குழந்தையும் இல்லை.

'கொஞ்சம் படுக்கிறேன்' என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது என்று மாமியாரிடம் சொன்னேன். அவர் அதையே எல்லோரிடமும் சொல்லி அழுகிறார். அவள் அப்படிச் சொல்லவில்லை. அளவுகோலில் விரலை ஊன்றிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்:

"எண்பத்து நாலு. எழுதிக்கிட்டீங்களா?"