பதிவேட்டில் ‘எ.பு.’ வந்த விதம்

எஞ்சினின் மூச்சறிந்த எங்கள் தலைமை மெக்கானிக்கே! முப்பத்தோராண்டு இந்த விமானக்கூடத்தில் எண்ணெயும் இரைச்சலும் ஏற்று நின்றவரே! ‘காதுக்காரர்’ என்று முதுகுக்குப் பின்னால் நாங்கள் அழைத்ததைக் கேட்டும் கேளாதவராய் நடந்த பெரியவரே! வணக்கம்.

இந்தப் பணிநிறைவு வாழ்த்துமடலில் “குறையற்ற பணின்னு ஒரு வரி இருந்தாலும் எழுந்து போயிடுவேன். அன்னைக்கு நடந்ததைச் சொல்லுங்க, உக்காந்து கேக்குறேன்” என்றீர்கள். ஆகவே சொல்கிறோம்.

நம் போர் விமானங்களின் பராமரிப்புப் பதிவேட்டில் ‘எ.பு.’ என்றொரு சுருக்கம் உண்டு. புதிதாக வருவோர் அதை உதிரி பாகம் என்றெண்ணிக் கிடங்கில் போய்க் கேட்பதும், கிடங்குக்காரர் சிரிக்காமல் “ஸ்டாக் இல்ல, நாளைக்கு வா” என்பதும் வழக்கம். அதன் பிறப்பை அறிந்தவர் இங்கு நால்வரே.

பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை. தரையிறங்கிய இளம் பைலட் உங்களிடம் வந்தார். “அண்ணே, வேகத்தைக் குறைச்சா ஒரு சத்தம் வருது. யாரோ தொண்டையைச் செருமுற மாதிரி.” சக்கரங்களுக்குக் கட்டை வைத்து எஞ்சினை மூன்று முறை ஓட்டினீர்கள். மூன்று முறையும் சத்தம் வரவில்லை. அக்கால வழக்கப்படி ‘கோ.இ.’ என்றெழுதிக் கையெழுத்திட்டீர்கள். கோளாறு இல்லை.

“அப்ப கோளாறு என் காதுலதான்” என்று சிரித்தார் அவர்.

“இப்பவே காது கேக்காமப் போச்சா சார்? கல்யாணம் அடுத்த மாசம்தானே” என்றீர்கள்.

மதியம் அந்த விமானம் கடலில் விழுந்தது. எஞ்சினும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை.

உங்கள்மேல் பிழையில்லை என்றது விசாரணைக் குழு. “அவங்களுக்கும் தெரியல, அவ்வளவுதான்” என்றீர்கள். அதன்பின் நீங்கள் ‘கோ.இ.’ எழுதவில்லை, எங்களையும் எழுத விடவில்லை. தேடியும் அகப்படாதபோது ‘எ.பு.’ என்றே எழுதினீர்கள்: எனக்குப் புலப்படவில்லை. அப்படி எழுதிய விமானத்தைப் பறக்க விடாமல், மறுநாள் வேறொருவரைக் கொண்டு மீண்டும் தேடச் செய்தீர்கள்.

“இது எந்தக் கையேட்டுல இருக்கு?” என்றார் ஆய்வுக்கு வந்த அதிகாரி.

“எந்தக் கையேட்டுலயும் இல்ல சார். கடல்ல கெடக்கு.”

அவர் பதிவேட்டை மூடிவிட்டுப் போனார்.

அவ்வாறு மீண்டும் தேடியதில் ஏழு கோளாறுகள் அகப்பட்டன. ஏழு பைலட்டுகள் வீடு திரும்பினார்கள். அதை நாங்கள் சொல்லும்போதெல்லாம் நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவீர்கள். ஏழும் சேர்ந்து அந்த ஒருவருக்கு ஈடாகாது என்பது உங்கள் எண்ணம்.

நூறாண்டு வாழ்க என்று முடிப்பது இத்தகைய மடலின் மரபு. இருபத்தேழு வயதோடு நின்றுபோனவரை நினைத்திருக்கும் உங்களுக்கு அது எப்படிக் கேட்கும் என்று அறிவோம். அறிந்தே வாழ்த்துகிறோம். நெடுநாள் இருங்கள், ஐயா. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தூங்குங்கள்.

இங்ஙனம்,
மூன்றாம் விமானக்கூடத்துப் பணியாளர்கள்